குசினி வெளிச்சம்

ஹம்மர்ஃபெஸ்ட்
மார்கழி 4

அன்பின் பிள்ளைக்கு,

நீ அனுப்பின குரல் செய்தியைக் கேட்டேன். "சின்னம்மா, காலமையில எழும்பவே ஏலாமக் கிடக்கு, நான் சரியான பஞ்சிக்காரியா மாறிட்டன் போல" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் போன் எடுக்காமல் எழுதுகிறேன். போனில் என்றால் "ஓம் சின்னம்மா, ஓம் சின்னம்மா" என்று சொல்லிக்கொண்டு வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாய். கடிதத்தைக் கட்டிலில் கிடந்தபடியாவது வாசிப்பாய்.

பஞ்சி என்ற பேச்சை முதலில் விடு. ஏ.எல். படிக்கும்போது விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பி மேசையில் இருந்த பிள்ளை நீ. "இவள் படிச்சது காணும், படுக்கச் சொல்லு" என்று உன் அம்மா எனக்கு முறைப்பாடு வைப்பா. அப்படிப்பட்டவள் ஆவணியில் துரொம்சோவில் வந்து இறங்கி, நாலு மாதத்தில் வேறு ஆளாக மாறிவிட்டாள் என்றால் நான் நம்பமாட்டேன்.

யாழ்ப்பாணத்தில் நீ நேரத்துக்கு எழும்பியதில் உன் கெட்டித்தனம் பாதிகூட இல்லை என்று சொன்னால் கோபிக்காதே. அங்கே வருசத்தின் ஆக நீண்ட பகலுக்கும் ஆகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். மழையோ பனியோ, ஆறு மணியை ஒட்டி வெளிச்சம் யன்னலுக்கு வந்துவிடும். அதற்கு முன்னரே சேவல் கூவும், கோயில் மணி அடிக்கும், அம்மம்மா ஈர்க்கு விளக்குமாற்றால் முற்றம் கூட்டுகிற சத்தம் கேட்கும், பாண்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டு போவான். உன்னை எழுப்ப ஓர் ஊரே வேலை செய்தது. இப்போது அந்த வேலை முழுவதையும் தலைமாட்டில் கிடக்கும் ஒரு போனிடம் விட்டிருக்கிறாய். அதையும் ஒரு விரலால் வாய் மூட வைக்கலாம்.

உனக்கு அங்கே சூரியன் போய் ஒரு கிழமைக்கு மேலாகிறது. மலைகள் மறைப்பதால் தை 21 மட்டும் துரொம்சோத் தெருக்களில் அதைக் காணமாட்டாய். எங்களுக்கும் கிட்டத்தட்ட அதே கணக்குத்தான். இருட்டோடு இந்த ஊருக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. 1891இலேயே தெருவுக்கு மின்விளக்கு போட்ட ஊர் இது. பெரிய பெரிய நகரங்கள் வாயு விளக்கோடு இருந்த காலத்தில், உலகத்தின் மேல் நுனியில் கிடந்த ஒரு மீன்பிடித் துறைக்கு அந்தச் செலவு ஏன் தேவைப்பட்டது என்று இங்கே ஒரு மார்கழி கழித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் இரவுப் பணிக்காரருக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். அதில்தான் இந்த எழும்பாத வியாதி எனக்கு ஒழுங்காக விளங்கியது. மூளைக்குள், இரண்டு கண்களின் நரம்புகளும் குறுக்கே போகிற இடத்துக்குச் சற்று மேலே, மிகச் சிறிய நரம்புக் கூட்டம் ஒன்று இருக்கிறது. உடம்பின் மணிக்கூடு அது. கலங்களுக்குள் இந்த மணிக்கூடு எப்படி ஓடுகிறது என்பதைப் பழ ஈக்களை வைத்துக் கண்டுபிடித்த மூன்று அமெரிக்கர்களுக்கு 2017இல் நோபல் பரிசுகூடக் கொடுத்தார்கள். பெரும்பாலான ஆட்களுக்கு அது 24 மணித்தியாலத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றும். தனியே விட்டால் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். காலமை வெளிச்சம் கண்ணில் பட்டால் மறுபடி நேரத்துக்கு வரும். அதற்கென்றே கண்ணுக்குள் தனிக் கலங்கள் இருக்கின்றன. வெளியில் வெளிச்சம் எவ்வளவு என்று மூளைக்குச் சொல்வதுதான் அவற்றின் முக்கிய வேலை. நீல வெளிச்சத்துக்கு அவை அதிகம் அசையும்.

இனி உன் கதையைப் பார். அலாரம் ஆறரைக்கு அடிக்கிறது. பின்னால் நழுவிவிட்ட உன் உள் மணிக்கூட்டில் அப்போது நடுச்சாமம் தாண்டி நாலு மணியாக இருக்கலாம். நித்திரைக்கான மெலடோனின் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். உடம்புச் சூடு ஆகக் குறைவது இயல்பாக விழிக்கும் நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர்தான். சரியாக அந்த நேரம் பார்த்து நீ போர்வையை எறியப் பார்க்கிறாய். பிறகு சனி ஞாயிறில் பதினொரு மணி மட்டும் படுத்து, விட்ட நித்திரையைப் பிடிக்கிறேன் என்கிறாய். மணிக்கூடு இன்னும் பின்னால் போகும். திங்கட்கிழமை எட்டேகால் வகுப்புக்கு உனக்கு அழுகை வருவது அதனால்தான். வேலை இல்லாத நாளில் ஒரு மணித்தியாலம் கூடப் படு, வேண்டாம் என்று சொல்லவில்லை. பதினொரு மணி மட்டும் வேண்டாம்.

பார்சலில் ஒரு விளக்கு அனுப்பியிருக்கிறேன். பார்ப்பதற்கு வடிவில்லைத்தான். ஆனால் 10,000 லக்ஸ் தரும். உன் அறை விளக்கு சில நூறு லக்ஸ் தேறினாலே பெரிய விசயம். ஊரில் மத்தியான வெயில் ஒரு லட்சத்தைத் தொடும். எழும்பின உடனே அரை மணித்தியாலம், பெட்டியில் எழுதியிருக்கிற தூரத்தில், முகத்துக்குக் கொஞ்சம் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு சாப்பிடு. அதை உற்றுப் பார்க்கத் தேவையில்லை. பின்னேரத்தில் மட்டும் போடாதே, பிறகு இரவு நித்திரை வராது. இந்த வைத்தியத்தை 1984இல் எழுத்தில் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் நோர்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர். தென்னாபிரிக்காவிலிருந்து அமெரிக்காவுக்குப் போனவர். அங்கத்தைய குளிர்காலம் வந்தால் தன்னுடைய உசார் இறங்குகிறதே என்று தன்னையே கவனித்தவர். வெயில் நாட்டு ஆளுக்குத்தான் அது முதலில் பிடிபட்டிருக்கும் என்பது என் எண்ணம்.

ஆனால் பிள்ளை, விளக்கு வாங்கி அலுமாரிக்கு மேல் வைத்திருக்கிற வீடுகள் எனக்கு நிறையத் தெரியும். எழும்பினால்தானே விளக்கைப் போடலாம்!

நான் ஃபின்மார்க்குக்கு வந்தது எண்பதுகளின் கடைசியில். கரையோர ஊர்களின் பெடியள் எல்லாம் தெற்கே நகரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மீன் வெட்டும் ஆலைகளுக்கு ஆள் இல்லை. எங்களுக்கு வேலை இல்லை. அப்படித்தான் குருநகர் மீன் வாசத்தைக்கூடத் தாங்காமல் மூக்கைப் பொத்தின உன் சின்னம்மா கொட் மீன் வெட்டப் போனாள். காலமை வேலை வெள்ளனத் தொடங்கும். ஐந்து மணிக்கு எழும்ப வேண்டும். எழும்பினால் இருட்டு, வேலை முடிந்து வெளியே வந்தாலும் இருட்டு. நடுவில் வானம் நீலமாகிற நேரத்தில் நாங்கள் உள்ளே நின்றோம்.

எங்கள் தெருவில் ஐந்தாறு தமிழ் வீடுகள். அதில் பருத்தித்துறை அக்கா என்று ஒருத்தர். ஊரில் வாத்தியார் வீட்டுப் பெண், சட்டம் போட்டுப் பழகினவ. வந்த முதல் குளிர்காலத்திலேயே ஒரு ஒழுங்கு வைத்தா. எழும்பின ஆள் முதல் வேலையாகக் குசினி விளக்கைப் போட வேண்டும். இந்த ஊரில் யாரும் திரைச்சீலையை இழுத்து மூடுவதில்லை என்பதால் ஒரு வீட்டுக் குசினி மற்ற வீட்டுக்குத் தெரியும். ஐந்தேகால் மட்டும் பார்ப்பது. அதற்குப் பிறகும் ஒரு யன்னல் இருட்டாக இருந்தால் பக்கத்து வீட்டு ஆள் சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போய்க் கதவில் தட்ட வேண்டும். அக்கா தட்டினால் "நேரமாச்சு" என்று கத்தமாட்டா. "தேத்தண்ணி ஊத்தட்டோ?" என்று கேட்பா. வெளியே பனிக்காற்றில் நிற்கும் ஒருத்தியிடம் உள்ளே கிடந்தபடி வேண்டாம் என்று சொல்ல எவருக்கு வாய் வரும்?

சாவகச்சேரிப் பெடியன் ஒருவன் இருந்தான். மூன்று அலாரம் வைத்துப் படுப்பான், மூன்றையும் நித்திரையிலேயே நிற்பாட்டுவான். எங்களில் ஆகப் பிந்தி எழும்புகிறவன் அவன்தான். மேற்பார்வையாளர் இரண்டு தரம் எச்சரித்த பிறகு அக்கா ஒரு வேலை செய்தா. தட்டுகிற பொறுப்பை அவனிடம் கொடுத்துவிட்டா. எல்லாரும் சிரித்தோம். அவனோ அடுத்த கிழமையே எல்லாருக்கும் முதல் விளக்குப் போட்டான். தனக்காக எழும்பத் தெரியாதவன், நாலு வீட்டுச் சம்பளம் தன் கையில் என்றதும் எழும்பினான். இப்போது ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிறான். காலமை முதல் பஸ்!

ஆலையில் இன்னொன்று. வெட்டின மீன் துண்டில் முள்ளும் புழுவும் தேடுவதற்கு ஒரு மேசை உண்டு. மேல்தட்டு பால்நிறம், அதற்குக் கீழே குழல் விளக்குகள். துண்டை விரித்து வைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அந்த வருசங்களில் மார்கழியில் நான் கண்ட ஆகப் பெரிய வெளிச்சம் கொட் மீனுக்குக் கீழிருந்து வந்ததுதான். காலமையில் முகம் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அந்த மேசைக்கு அதிகம் அடிபடுவார்கள். குளிர் குறைவு, அதனால்தான் என்று நாங்கள் நினைத்தோம். வகுப்பில் 10,000 லக்ஸ் கதை கேட்டபோது எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது. அதை அளந்து பார்த்தவர் யாருமில்லை. ஆனாலும் என் சந்தேகம் எனக்கு.

ஆகவே உனக்கு முதலில் வேண்டியது ஓர் ஆள். திங்கட்கிழமை தொடங்கி ஆறரைக்கு நான் போன் எடுப்பேன். எடுத்து "ஓம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுக்கிற வித்தை என்னிடம் பலிக்காது. கெற்றில் கொதிக்கிற சத்தம் என் காதில் விழ வேண்டும். உன் தாழ்வாரத்தில் ஒரு நேபாளப் பிள்ளையும் வகுப்பைத் தவறவிடுகிறாள் என்று சொன்னாயே, அவளுடைய கதவைத் தட்டுவது ஆறே முக்காலுக்கு உன் பொறுப்பு. இப்பவே போய் அவளிடம் சொல்லு, வாக்குக் கொடு. வெட்கமாக இருந்தால் சின்னம்மா சொன்னவ என்று என் தலையில் போடு.

மற்றவை சின்ன விசயங்கள், கெதியாகச் சொல்லிவிடுகிறேன். அறை குளிராக இருந்தால் நித்திரை நல்லாய் வரும், ஆனால் குளிர் அறையில் எழும்ப மனம் வராது. ஹீற்றருக்கு நேரம் வைக்கும் பொத்தான் இருக்கும், ஆறு மணிக்குச் சூடாகத் தொடங்குகிற மாதிரி வை. கம்பளி மேசும் உள்ளுடுப்பும் போர்வைக்குள்ளேயே கிடக்கட்டும், படுத்தபடியே போட்டுக்கொள்ளலாம். இந்த நாட்டுக் கிழவிகள் எனக்குச் சொல்லித்தந்த தந்திரம் அது. புத்தகப் பை, சப்பாத்து, கோட்டில் தொங்கும் ஒளி தெறிக்கும் வில்லை எல்லாம் இரவே கதவடியில் இருக்க வேண்டும். விழித்த முதல் கால் மணித்தியாலத்தில் மூளை முழுதாக வேலைக்கு வந்திருக்காது. அந்த நேரத்தில் எதையாவது யோசித்து முடிவெடுக்கப் போனால் முடிவு எப்போதும் கட்டிலின் பக்கம்தான் விழும். ஐந்து மணிக்கு எழும்பி ஐஸ் தண்ணியில் முழுகச் சொல்லும் வீடியோக்களை நீ பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். அந்த மனுசனின் யன்னலைப் பார். வெளியே வெயில் எறிக்கும்.

மத்தியானத்தை மட்டும் விட்டுவிடாதே. அதுதான் ஆக முக்கியம். சூரியன் வராவிட்டாலும் துரொம்சோவில் அது நடுப்பகலில் அடிவானத்துக்குக் கீழே மூன்று பாகை அளவில்தான் நிற்கும். பதினொன்றிலிருந்து ஒரு மணி மட்டும் வானத்தில் ஒரு நீலம் வரும், பனித்தரை அதை வாங்கித் திருப்பி விடும். அந்த நேரத்தில் நூலகத்துக்குள் இராதே. பிரெஸ்ட்வன்னெட் குளத்தடிக்குப் போய் ஒரு சுற்று நடந்துவிட்டு வா.

இங்கத்தைய ஆட்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டாய். கரி லீபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியல்காரி இதே கேள்வியோடு துரொம்சோவுக்கு வந்து ஒரு வருசம்போல இருந்தா. வடக்கே போகப் போக ஆட்கள் குளிர்காலத்தை நல்ல கண்ணோடு பார்க்கிறார்கள் என்பது அவவின் ஆய்வில் வந்தது. நினைப்பை மாற்றினால் குளிர்காலம் மாறும் என்கிறா. நான் அதில் பாதிக்குத்தான் சம்மதிப்பேன். நடக்கத் தொடங்கின கையோடு பனிச்சறுக்குப் பலகையில் ஏறின ஆட்கள் இவர்கள். தாயும் தமக்கையும் இரண்டு தெரு தள்ளி இருக்கிறார்கள். மெழுகுதிரி ஏற்றிவைத்துக் கோப்பி குடித்தால் அவர்களுக்கு வீடு நிறைகிறது. உனக்கும் எனக்கும் ஒரு மெழுகுதிரியால் அது நடக்காது. ஆனால் மார்கழியில் ஒவ்வொரு யன்னலிலும் ஒரு தாள் நட்சத்திர விளக்கைத் தொங்கவிடுகிறார்களே, அந்தப் பழக்கத்துக்கு நான் முழு ஆதரவு. உள்ளே இருப்பவருக்குப் பாதி, தெருவால் போகிறவருக்குப் பாதி. நீயும் ஒன்று வாங்கிக் கொழுவு.

மீனெண்ணெய் குடிக்கிறாயா? "ர்" ஒலிக்கும் மாதங்கள் எல்லாவற்றிலும் குடிக்க வேண்டும் என்பது இவர்களுடைய கணக்கு. செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல் மட்டும். ஒரு தேக்கரண்டியில் 10 மைக்ரோகிராம் விற்றமின் டி இருக்கிறது. எங்கள் நிறத்துத் தோலுக்கு வெயில் இல்லாத நாட்டில் அது கட்டாயம். அது உன்னை எழுப்பிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே, அது எலும்புக்கு. நாற்றம் தாங்காவிட்டால் எலுமிச்சை மணத்தோடு விற்கிறார்கள், அதுவும் நாறும்.

திருவெம்பாவை வருகிறது. உனக்கு ஞாபகம் இருக்கும், விடியப்புறம் சங்கும் சேமக்கலமுமாக ஒரு கூட்டம் ஒழுங்கையால் வரும், நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைக்கும், அம்மம்மா அதற்கு முன்னமே குளித்துவிட்டு நிற்பா. மாணிக்கவாசகரின் அந்தத் தொடக்கப் பாட்டுகளைக் கவனித்திருக்கிறாயா? நித்திரையில் கிடக்கும் தோழியின் வாசலில் நின்று, பகிடி பண்ணி, கெஞ்சி, ஏசி எழுப்புகிற வேலைதான் அவை. மார்கழிக் குளிரில் ஒருத்தி தானாக எழும்பமாட்டாள், வாசலுக்கு ஆள் போக வேண்டும் என்று எங்கள் ஆட்களுக்கு எப்பவோ தெரிந்திருக்கிறது. அதுவும் யாழ்ப்பாணத்துக் குளிருக்கு! பருத்தித்துறை அக்காவுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் "விசர்க் கதை கதையாமல் வேலையைப் பார்" என்றுதான் சொல்லியிருப்பா.

திருவாதிரையை ஒட்டி வருகிற முழுநிலவை இங்கே வந்து பார். சூரியன் கீழே போய்விடுகிற இந்தக் காலத்தில் பூரணை நிலவு அதற்கு எதிர்ப்பக்கமாக உயரத்தில் நிற்கும். சில நாட்களுக்கு அது மறையவே மறையாது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கும் வடக்கு வானத்தில் நிலவு. முதல் தரம் பார்த்தபோது உன் சித்தப்பா மணிக்கூடு பழுது என்று சண்டை பிடித்தார்.

இன்னொன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். எழும்பப் பிடிக்காதது ஒன்று, எழும்பி என்ன செய்யப் போகிறேன் என்று தோன்றுவது வேறொன்று. எங்கள் தெருவில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி ஒரு குளிர்காலம் முழுக்கச் சுவரைப் பார்த்தபடி கிடந்தா. சிலர் அதைப் பஞ்சி என்றார்கள். அது வருத்தம். மருந்தும் வைத்தியமும் எடுத்த பிறகு சுகமாகி, இப்போது பேரப்பிள்ளையோடு திரிகிறா. சாப்பாடு பிடிக்காமல், அம்மாவோடு கதைக்கவும் பிடிக்காமல், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டு இரண்டு கிழமை போனால் என்னிடம் சொல்லு, வைத்தியரிடமும் போ. குளிர்காலம்தானே என்று பொறுத்துக்கொண்டு இராதே. இங்கத்தைய வைத்தியர்களுக்கு இது பழகின வருத்தம், உன்னை ஒரு மாதிரிப் பார்க்கமாட்டார்கள். நீ சிரித்துச் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன்.

நத்தார் லீவுக்கு இங்கே வா. பிளேனுக்குக் காசு கரியாக்காதே, கரையோரக் கப்பலில் வா. பின்னேரம் துரொம்சோவில் ஏறினால் விடிய வெள்ளனவே ஹம்மர்ஃபெஸ்ட் துறைக்கு வந்துவிடும். கூப்பிட்டு எழுப்ப ஆள் இருக்காது, நித்திரையாகிப் போனால் அடுத்த துறையில்தான் இறங்குவாய். சித்தப்பா காரோடு நிற்பார்.

பார்சல் செவ்வாய்க்கிழமை வரும் என்று போட்டிருக்கிறார்கள். கடையில் அடையாள அட்டை காட்டி எடு. விளக்கைச் சுற்றியிருக்கும் துவாய்க்குள் மிளகாய்த்தூள் இருக்கிறது, கவனமாகப் பிரி. பருத்தித்துறை வடை உடைந்திருந்தால் என்னிடம் சொல்லாதே, அந்த நேபாளப் பிள்ளைக்கும் கொடுத்துச் சாப்பிடு. கம்பி மாதிரி ஒரு சாமான் இருக்கும், அது சப்பாத்துக்கு அடியில் கொழுவுகிற முள். ஐஸ் றோட்டில் அது இல்லாமல் வகுப்புக்கு ஓடாதே. பிந்தினால் பிந்தட்டும்.

அன்புடன்,
சின்னம்மா